பழைய இன்ஜின் வாங்கி மாத்தலாமா? வண்டி கேள்வி பதில்

கேள்வி: என்கிட்ட 2012 மாடல் ஸ்கார்பியோ இருக்கு, எம்ஹாக் இன்ஜின், 2 லட்சத்து 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு. போன மாசம் சிதம்பரத்துல ஒரு கல்யாணம் முடிச்சிட்டு திரும்பும்போது ஆலப்பாக்கம்கிட்ட டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறிடுச்சு. ஓரங்கட்டி கொஞ்சம் ஆறவிட்டு, ரேடியேட்டர்ல ரெண்டு பாட்டில் தண்ணி ஊத்தி ஓட்டிட்டு வந்தேன், சிப்காட் தாண்டுறதுக்குள்ள வண்டி நின்னுடுச்சு. இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு, அதாவது உள்ள இறுகிப் பிடிச்சிடுச்சுங்கறார் மெக்கானிக். அதையே பிரிச்சு ஓவராயில் பண்ணா 1.5 லட்சம், சென்னை புதுப்பேட்டையில பழைய இன்ஜின் 90 ஆயிரத்துக்கு எடுக்கலாம்ங்கறார். நடுவுல இன்னொருத்தர், எக்ஸ்யூவி 500 இன்ஜின் ஒண்ணு இருக்கு, அதுவும் எம்ஹாக், அதே 2179 சிசி, பவர் கூட ஜாஸ்தி, 60 ஆயிரம் குடுங்க போதும்ங்கறார். எதை எடுக்கறது?
மஞ்சக்குப்பம் வாசகர், கடலூர்

பதில்: மொதல்ல அந்த எக்ஸ்யூவி இன்ஜினை மறந்துடுங்க சார். சும்மா குடுத்தாலும் வேணாம். பேரு எம்ஹாக், சிசி 2179, எல்லாம் வாஸ்தவம்தான். ஆனா உங்க ஸ்கார்பியோல இன்ஜின் நீளவாக்குல உக்காந்திருக்கு, பின்னாடி கியர் பாக்ஸ், அங்கேர்ந்து ஷாஃப்ட் போயி பின் சக்கரத்தை சுத்துது. எக்ஸ்யூவி 500ல இன்ஜின் குறுக்குவாக்குல கிடந்து முன் சக்கரத்தை இழுக்குது. மவுண்டிங், பைப் போற வழி, வயரிங், கியர் பாக்ஸ் சேர்ற இடம்னு ஒவ்வொண்ணா லேத்துக்கும் வெல்டிங்குக்கும் அலைஞ்சு மாத்தணும், மிச்சமான 30 ஆயிரம் அங்கயே கரைஞ்சிடும், வண்டியும் ஒழுங்கா ஓடாது. சிசி-யை வச்சு பொருத்தம் பாக்கவே கூடாது சார், டாடா சஃபாரில வந்த 2.2 டைகோர் இன்ஜினும் இதே 2179 சிசிதான், கம்பெனியே வேற. ஸ்கார்பியோலயே பாருங்க, முன்னாடி 2.6 சிஆர்டிஇ இன்ஜின் வந்துச்சு, அப்புறம் எம்ஹாக், சின்ன வேரியண்ட்ல 75 குதிரை சக்தி 2.5 லிட்டர் இன்ஜின், 2014ல வண்டியையே மாத்தி விட்டாங்க. அதனால கடைக்காரர்கிட்ட "ஸ்கார்பியோ இன்ஜின் இருக்கா"ன்னு கேக்காதீங்க. உங்க ஆர்.சி.ல இருக்கிற இன்ஜின் நம்பரோட முதல் எழுத்துங்க, இன்ஜெக்டர், பம்ப், டர்போ மேல இருக்கிற பார்ட் நம்பருங்க, எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்துட்டு போயி ஒண்ணுக்கு ஒண்ணு வச்சு பாருங்க.

இப்ப நெஜமான கேள்விக்கு வர்றேன். இன்ஜின் சீஸ்னு மெக்கானிக் சொன்னார்ல, எப்படி பாத்து சொன்னார்? செல்ஃப் அடிச்சா சுத்தலைங்கறதை மட்டும் வச்சு சொன்னா அது போதாது. ஏசி கம்ப்ரஸரோ ஆல்டர்னேட்டரோ ஜாம் ஆனாலும் பெல்ட் பிடிச்சுக்கிட்டு இன்ஜின் சுத்தாது. பெல்ட்டை கழட்டிட்டு, முன்னாடி கிராங்க் புல்லி போல்ட்ல பெரிய ஸ்பேனர் போட்டு கையால சுத்த சொல்லுங்க. சூட்டுல பிஸ்டன் விரிஞ்சு, அது ஓடுற சிலிண்டர் போர்ல பிடிச்ச வண்டி ஆறின பிறகு சுத்த ஆரம்பிக்கறதும் உண்டு. சுத்துதுன்னா பிரச்சன தீந்துச்சுன்னு அர்த்தம் இல்ல, போர்ல கீறல் விழுந்திருக்கும், ஆனா விஷயம் இன்ஜினோட மேல் பாதியான ஹெட்டோட நின்னிருக்கவும் வாய்ப்பு இருக்கு. ஹெட்டையும் கீழ ஆயில் நிக்கிற சம்ப்பையும் கழட்டி பாக்க ஒரு நாள் கூலிதான் ஆகும், 90 ஆயிரம் போடுறவரு அந்த ஒரு நாள் கூலிக்கு யோசிக்கக் கூடாது. ஹெட் மட்டும் வளைஞ்சிருந்தா லேத்துல சமமா இழைச்சு ஃபேஸிங் பண்ணி, கிராக் டெஸ்ட் பாத்து, புது கேஸ்கெட் போட்டு, கீழ் பாதியை தொடாமலே வண்டியை ஓட்டிடலாம். பிஸ்டன் உருகி போர்ல ஒட்டியிருந்தாலோ கிராங்க் பேரிங் சுத்தியிருந்தாலோ அப்ப பழைய இன்ஜின் பத்தி பேசலாம்.

கழட்டி பாக்க சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, எனக்கு இதுதான் முக்கியம். உங்க இன்ஜினை எது கொன்னுச்சோ அது இன்னும் உங்க வண்டிக்குள்ளதான் உக்காந்திருக்கு. உங்க கேஸ்ல அது பெரும்பாலும் ரேடியேட்டர். நம்ம கடலூர், பாண்டி பக்கம் கடல் காத்து உப்பு, ரேடியேட்டர் தகடு எல்லாம் பூத்து விரலால தொட்டா பொடியா கொட்டும், வெளிய இருந்து பாத்தா நல்லா இருக்கிற மாதிரி தெரியும். அதோட பாதி பேர் கூலண்ட் தீந்தா வீட்டு போர் தண்ணியை ஊத்திடறாங்க, அது உப்பு தண்ணி, உள்ள ட்யூப்ல டீ பாய்லர்ல படியுற மாதிரி காரை படிஞ்சு அடைச்சுக்கும். இந்த ரேடியேட்டர், இந்த வாட்டர் பம்ப், இந்த தெர்மோஸ்டாட்டோட புது மாப்பிள்ளை மாதிரி ஒரு இன்ஜினை கொண்டு வந்து உக்கார வச்சா அதுவும் அடுத்த சித்திரை வெயிலை தாண்டாது. ரேடியேட்டர் புதுசு போடுங்க, ஃபேன் ஃபுல் ஸ்பீடுல சுத்துதான்னு பாருங்க, ஹோஸ் எல்லாம் மாத்துங்க. கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்கு பாதி, வேற தண்ணி ஒரு சொட்டு கூட வேணாம்.

இன்ஜின் வேற மாதிரி செத்திருந்தாலும் இதே கணக்குதான். நான் இதை பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். பல வருஷம் முன்னாடி பண்ருட்டி பக்கத்துல பலாப்பழம் வியாபாரம் பண்ற ஒருத்தரோட வண்டிக்கு, பேரிங் அடிச்சு போன இன்ஜினை எடுத்துட்டு நல்ல ஓட்டத்துல இருந்த பழைய இன்ஜின் ஒண்ணை போட்டேன், ஆயில் கூலர் நல்லாதானே இருக்குன்னு பழசையே துடைச்சு மாட்டினேன். பேரிங் தேஞ்ச இரும்புத்தூள் அத்தனையும் அந்த கூலருக்குள்ளதான் இருந்திருக்கு, மூணே வாரத்துல புது ஆயிலோட கலந்து ஓடி இந்த இன்ஜின் பேரிங்கையும் தின்னுடுச்சு. அவரு சீசன் நேரத்துல வண்டி இல்லாம நின்னதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு மனசு கேக்காது, ரெண்டாவது வேலையை என் கைக்காசுலதான் செஞ்சு குடுத்தேன். அதுலேர்ந்து பேரிங் போன வண்டின்னா ஆயில் கூலர் புதுசு, டர்போக்கு போற ஆயில் பைப் புதுசு, இதுல பேரமே கிடையாது. டர்போ உடைஞ்ச வண்டின்னா, டர்போ தள்ளுற காத்தை ஆறவைக்கிற இன்டர்கூலரை கழட்டி கவுத்து பாருங்க, உள்ள ஆயிலும் உடைஞ்ச துண்டும் தேங்கி நிக்கும். அந்த ஆயிலை இன்ஜின் உறிஞ்சிடுச்சுன்னா சாவியை ஆஃப் பண்ணாலும் நிக்காம தானா ரேஸ் ஏறி ஓடும், டீசல் வண்டியில அது ரொம்ப ஆபத்து. டீசல் பம்ப் உள்ள தேஞ்சு போன வண்டின்னா டேங்க்ல இருந்து இன்ஜெக்டர் வரைக்கும் மொத்த லைனையும் சுத்தம் பண்ணணும்.

சரி, எல்லாம் பாத்து பழைய இன்ஜின்தான்னு முடிவாயிடுச்சுன்னா, மெக்கானிக்கை மட்டும் அனுப்பாதீங்க, புதுப்பேட்டைக்கு கூட போங்க. காலைல கிளம்பினா சாயங்காலம் திரும்பிடலாம். கடையில ஹாஃப் இன்ஜின், முக்கா இன்ஜின், ஃபுல் இன்ஜின்னு மூணு விதமா சொல்லுவாங்க. ஹாஃப்னா பிளாக்கு, கிராங்கு, பிஸ்டன் வரைக்கும், முக்கான்னா ஹெட்டோட, ஃபுல்னா டர்போ, பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் சேர்த்து. கடைக்கு கடை இதுல கொஞ்சம் மாறும், அதனால எது எது சேர்த்தின்னு வாயால எண்ணி கேட்டு பில்லுல எழுத வைங்க. உங்க டர்போவும் இன்ஜெக்டரும் நல்லா இருந்தா முக்கா இன்ஜின் போதும், காசு கணிசமா மிச்சம்.

இன்ஜினை மேல கழுவி பெயிண்ட் அடிச்சு வச்சிருப்பாங்க, அதை பாத்து ஏமாறாதீங்க, எனக்கு மேல ஆயில் கசிஞ்சு அழுக்கா இருக்கிற இன்ஜின் மேலதான் நம்பிக்கை ஜாஸ்தி, ஏன்னா அழுக்கு எங்கேர்ந்து வந்திருக்குன்னு கண்ணால பாக்கலாம். ஆயில் மூடியை திறந்து உள்ள பாருங்க, பால் காபி கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்கு, தொடாதீங்க. சம்ப் ஆயிலை கொஞ்சம் இறக்கி வெள்ளை துணியில ஊத்தி வெயில்ல காட்டுங்க, மின்னுதுன்னா பேரிங் தேய்மானம். டீசல் இன்ஜினை ஸ்டார்ட்டுக்கு சூடாக்குற க்ளோ பிளக்கை கழட்டிட்டு கிராங்கை கையால ரெண்டு முழு சுத்து சுத்துங்க, நாலு ஸ்ட்ரோக்கும் முடிய ரெண்டு சுத்து வேணும், எங்கயும் இடறக் கூடாது. அதே ஓட்டை வழியா கம்ப்ரஷன் பாக்க சொல்லுங்க. பெட்ரோல் வண்டிக்கு வச்சிருக்கிற மீட்டர் இதுக்கு ஆகாது, டீசலோட பிரஷர் ரொம்ப ஜாஸ்தி, டீசல் மீட்டரே வேணும், இல்லைன்னா இங்கேர்ந்து எடுத்துட்டு போங்க. எண் எவ்ளோ காட்டுதுங்கறதை விட நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுதாங்கறதுதான் முக்கியம், மூணு ஒரு மாதிரி ஒண்ணு மட்டும் கீழ கிடந்தா அந்த சிலிண்டர்ல கோளாறு. போன்ல மாட்டுற கேமரா ஒயர் இப்ப எல்லா மெக்கானிக்கும் வச்சிருக்காங்க, அதை உள்ள விட்டு போர் சுவத்தை பாத்துடுங்க.

வெள்ளத்துல மூழ்குன வண்டியோட இன்ஜினான்னும் கண்டிப்பா பாக்கணும். 2015 மழை, 2023 டிசம்பர் மழை, அப்புறம் ஃபெஞ்சல் புயல்னு நம்ம பக்கமும் மெட்ராஸ் பக்கமும் எவ்ளோ வண்டி மூழ்கிச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதுங்க எல்லாம் எங்கயோ கழட்டப்பட்டுதானே ஆகணும். ஸ்டார்ட்டர் மோட்டாரை கழட்டி உள்ள மண்ணு படிஞ்சிருக்கான்னு பாருங்க, வயரிங் கனெக்டர் பின்னுல பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. மேல எவ்ளோ கழுவினாலும் அந்த ரெண்டு இடத்துல வண்டல் நிக்கும்.

வாங்கிட்டு வந்தப்புறம் அவசரத்துல உங்க பழைய இன்ஜினை காயலான் கடைக்கு போட்டுடாதீங்க. புதுசா வந்தது ஓடி, ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஆகிற வரைக்கும் அது மூலையில கிடக்கட்டும், ஒரு சென்சாரோ பிராக்கெட்டோ கண்டிப்பா அதுலேர்ந்து தேவைப்படும். இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டரான ஈசியூ உங்க வண்டியோடதே இருக்கட்டும், வேற வண்டி ஈசியூ வந்தா உங்க சாவியை அது ஏத்துக்காது. இன்ஜெக்டர் மட்டும் வேற வண்டியோடதுன்னா ஒவ்வொண்ணு தலையிலயும் எழுத்தும் எண்ணுமா ஒரு கோட் இருக்கும், அதை ஸ்கேனர் போட்டு ஈசியூல ஏத்தணும். இதை நிறைய பேர் விட்டுடறாங்க, அப்புறம் புகை அடிக்குது, ஐடிலிங்ல உதறுதுன்னு இன்ஜினை குத்தம் சொல்றாங்க.

இன்ஜின் தரையில இருக்கும்போதே டைமிங் செயின் செட், வாட்டர் பம்ப், பின் பக்க கிராங்க் ஆயில் சீல், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், மவுண்டிங் ரப்பர் இதெல்லாம் புதுசு போட்டுடுங்க. அந்த ஆயில் சீல் சில நூறு ரூபா சமாச்சாரம், ஆனா வண்டிக்குள்ள ஏத்தின பிறகு கசிஞ்சா கியர் பாக்ஸை இறக்காம மாத்த முடியாது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி டீசல் வராம பண்ணிட்டு செல்ஃப் மட்டும் விட்டு விட்டு அடிச்சு, ஆயில் லைட் அணைஞ்ச பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும், இல்லைன்னா டர்போ காஞ்சு ஓடும். 500லேர்ந்து 1000 கிலோமீட்டருக்குள்ள ஆயிலும் ஃபில்டரும் ஒரு தடவை மாத்திடுங்க.

இவ்ளோவும் சேர்த்தா உங்க 90 ஆயிரம், ஓவராயில் தொகைக்கு பக்கத்துல வந்துடும்ங்கறதை மறைக்காம சொல்லிடறேன். அப்ப என்ன பண்ணலாம்? பிளாக் நல்லா இருந்து, நம்பகமான லேத் பட்டறையும் பொறுமையான மெக்கானிக்கும் உங்களுக்கு அமைஞ்சா நான் ஓவராயில்தான் சொல்லுவேன். என்ன போட்டோம்னு நமக்கு தெரியும், நம்பரும் மாறாது, ஆர்டிஓ அலைச்சலும் இல்ல. பிளாக்கோ கிராங்க்கோ போயிருந்தா பழைய இன்ஜின்தான் வழி.

நம்பர்னு சொன்னேன்ல, அதையும் கேட்டுக்கோங்க. ஆர்.சி.ல சேசிஸ் நம்பரோட இன்ஜின் நம்பரும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி இன்ஜின் மாத்துறதுக்கு பதிவு அதிகாரியோட அனுமதி வேணும், பத்து வண்டியோ அதுக்கு மேலயோ வச்சிருக்கிற டிரான்ஸ்போர்ட்காரங்களுக்கு மட்டும் மாநில அரசு விலக்கு தரலாம், நம்மள மாதிரி ஒத்தை வண்டிக்காரங்களுக்கு அது கிடையாது. அனுமதி வாங்காம மாத்திட்டா 14 நாளைக்குள்ள ஆர்.சி.யோட போயி சொல்லணும். உங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா 2012ல பதிவான சொந்த வண்டி 15 வருஷம் முடிஞ்சு 2027ல புதுப்பிக்க போகணும், அங்க இன்ஸ்பெக்டர் நம்பரை பாக்காம விடமாட்டார். அதனால கடையில ஜிஎஸ்டி பில்லு, அதுல இன்ஜின் நம்பர், கழட்டுன வண்டியோட ஆர்.சி. நகல் மூணும் வாங்குங்க. பிளாக்ல நம்பர் அடிச்ச இடத்தை அரம் போட்டு தேய்ச்சிருந்தா, எழுத்து கோணலா இருந்தா, எவ்ளோ சல்லிசா இருந்தாலும் வந்துடுங்க, அது திருட்டு வண்டியோடதா இருக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி புது நம்பரை பாலிசில ஏத்திடுங்க. வண்டி மேல லோன் இருந்தா ஃபைனான்ஸ்காரங்க கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கிடணும்.

கேள்வி: ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு ரெயின்போ நகர்ல எங்க தெருவுல நிறுத்தியிருந்த டஸ்டர் (110, டீசல்) பானெட் வரைக்கும் தண்ணில நின்னுச்சு. வீட்டுக்காரர் வெளிநாட்டுல, நான் யாரையும் ஸ்டார்ட் பண்ண விடலை. அப்படியே கிடக்கு. இன்ஜின் போயிருக்கும், மாத்திடலாம்னு சொல்றாங்க. டஸ்டர் 85 இன்ஜின் ஒண்ணு வில்லியனூர்ல இருக்காம். போடலாமா?
புதுச்சேரி வாசகி

பதில்: ஸ்டார்ட் பண்ண விடாம இருந்தீங்க பாருங்கக்கா, அதுதான் இருக்கறதுலயே சரியான காரியம். 2024 நவம்பர் 30 ராத்திரி தொடங்கி ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டின மழை அது, அடுத்த நாள் காலைல சாவியை திருகினவங்க வண்டிதான் நிறைய போச்சு. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது, சிலிண்டர்ல தண்ணி இருக்கும்போது பிஸ்டன் மேல வந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். உங்க வண்டியில அது நடக்கவே இல்ல. அதனால மாத்துறதை பத்தி இப்ப பேச வேணாம்.

பேட்டரியை கழட்டிட்டு, ஏர் ஃபில்டர்ல ஈரமோ மண்ணோ இருக்கான்னு பாக்க சொல்லுங்க. ஆயிலை இறக்கினா முதல்ல தண்ணி வருதான்னு தெரியும். க்ளோ பிளக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் துரு எடுக்கிற ஆயில் ஊத்தி ரெண்டு நாள் ஊற விட்டு, அப்புறம் ஸ்பேனர்ல மெதுவா சுத்த சொல்லுங்க. இத்தனை நாள் கிடந்ததால ரிங் துரு பிடிச்சு ஒட்டியிருக்கலாம், வலுக்கட்டாயமா திருகக் கூடாது, செல்ஃப் அடிக்கவே கூடாது. சுத்திடுச்சுன்னா ஓட்டை எல்லாம் திறந்த நிலையிலயே நாலஞ்சு சுத்து விட்டு தண்ணியை வெளிய தள்ளிட்டு, ஆயில், ஃபில்டர், டைமிங் பெல்ட், டீசல் எல்லாம் புதுசு. பெல்ட்டை மறக்காதீங்க, இந்த இன்ஜின்ல செயின் இல்ல, பெல்ட்தான், அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும்.

ஒருவேளை சுத்தவே இல்லைன்னா, 85ஐயும் 110ஐயும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. ரெண்டும் 1461 சிசி, ஆனா டர்போ வேற, 85க்கு அஞ்சு கியர், 110க்கு ஆறு கியர். 110 வண்டியோட இன்ஜினாவே தேடுங்க, நிசான் டெரானோ 110லயும் இதே குடும்பத்து இன்ஜின்தான் வந்துச்சு, பார்ட் நம்பர் ஒத்துப்போச்சுன்னா அதையும் பாக்கலாம். பாலிசில இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இருக்கான்னும் எடுத்து பாருங்க, அது இருந்திருந்தா கம்பெனிக்கு தெரியப்படுத்தாம வண்டியை கழட்ட விடாதீங்க.

கேள்வி: வண்டி பிஒய் 01 நம்பர், நான் இருக்கிறது நெல்லிக்குப்பம். இன்ஜின் மாத்தினா பாண்டி ஆர்டிஓவா, கடலூர் ஆர்டிஓவா?
நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: சட்டம் நீங்க குடியிருக்கிற, வண்டி வழக்கமா நிக்கிற இடத்தோட அதிகாரியைத்தான் சொல்லுது. ஆனா உங்க வண்டியோட பதிவு பாண்டியில இருக்கு, பன்னெண்டு மாசத்துக்கு மேல இங்கயே ஓடுதுன்னா எப்படியும் டிஎன் 31க்கு மாத்தியே ஆகணும். முள்ளோடை தாண்டி தினம் போற வர்ற வண்டிதானேன்னு பல பேர் அப்படியே விட்டுடறாங்க. பாண்டியில என்.ஓ.சி. (தடையில்லா சான்று) வாங்கி பதிவை முதல்ல கடலூருக்கு கொண்டு வாங்க, பழைய நம்பர் இன்ஜின் வண்டியில இருக்கும்போதே அதை முடிச்சிடுங்க, அப்புறம் இன்ஜின் மாத்துறதுக்கு இங்க அனுமதி கேளுங்க. வரிசை மாறினா ஆர்.சி.ல ஒரு நம்பர், வண்டியில ஒரு நம்பர்னு ரெண்டு ஆபீஸ்லயும் நிக்க வேண்டி வரும்.

கேள்வி: டீசல் இன்ஜின் போயிடுச்சு, அதே கம்பெனி பெட்ரோல் இன்ஜின் போட்டுக்கலாமா?
திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

பதில்: வேணாம் தம்பி. டேங்க், பம்ப், சைலன்ஸர், வயரிங், ஈசியூ, மீட்டர் வரைக்கும் எல்லாமே மாறணும், ஆர்.சி.ல எரிபொருளும் மாறுது. அந்த செலவுக்கு ஓடுற நிலையில இருக்கிற பெட்ரோல் வண்டியே ஒண்ணு வாங்கிடலாம். உங்க டீசல் வண்டியை பார்ட்ஸுக்கு கேக்கறவங்க இருப்பாங்க, குடுக்கும்போது ஆர்டிஓல பதிவை ரத்து பண்ணிட்டு குடுங்க, உங்க பேர்ல இருக்கிற நம்பர் வேற எங்கயும் ஓடக் கூடாது.